கம்ப்ரஷன் குறைந்ததைக் கண்டுபிடிக்காமல் இருப்பது எப்படி?

அப்பா விட்டுச்சென்ற அம்பாசடர், மாமனார் கொடுத்த அம்பாசடர், யாரும் கேட்காமல் நீங்களாகப் போய் வாங்கிவந்த அம்பாசடர். இதில் ஏதாவது ஒன்று உங்கள் போர்டிகோவில் நின்றால் இந்தக் குறிப்புகள் உங்களுக்கானவை. அம்பாசடர் தயாரான உத்தரபாரா தொழிற்சாலையில் 2014 மே மாதமே வேலையை நிறுத்திவிட்டார்கள். ஆகவே இன்றைக்கு நாட்டில் ஓடும் எல்லா அம்பாசடரும் பழைய அம்பாசடர்தான். பழைய அம்பாசடர் எல்லாவற்றுக்கும் ஒரு நாள் இழுவை குறையத்தான் போகிறது.

அந்த நாள் வரும்போது முதலில் செய்ய வேண்டியது, வேறு எதையாவது குறை சொல்வது. கத்திப்பாரா மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்த வண்டி இப்போது இரண்டாவதைக் கேட்கிறதா? பெட்ரோல் பங்க்கைத் திட்டுங்கள். இதற்கு வசதியாக இப்போது எத்தனால் வேறு வந்திருக்கிறது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் வாஷர்களையும் அது பதம் பார்க்கும் என்பதும் உண்மை. ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்காமல் போவதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மறந்துவிட்டால் ஒரு மழைக்காலத்தையாவது நிம்மதியாகக் கடத்திவிடலாம்.

எத்தனால் சலித்துப்போனால் பேட்டரி. பேட்டரி புதிது என்றால் பிளக். பிளக்கையும் மாற்றியாகிவிட்டது என்றால் காயில், கண்டென்சர், பாயின்ட் என்று ஒரு சுற்று வரலாம். ஜி.பி. ரோட்டில் இவை எல்லாம் கிடைக்கும். அங்கே கிடைக்காதது புதுப்பேட்டையில் கிடைக்கும். எதை மாற்றினாலும் முதல் இரண்டு நாளைக்கு வண்டி நன்றாக இழுப்பதுபோல் இருக்கும். அது காசு கொடுத்ததனால் வரும் இழுவை. மூன்றாம் நாள் தீர்ந்துவிடும்; பயப்பட வேண்டாம், மாற்றுவதற்கு இன்னும் சாமான்கள் இருக்கின்றன.

அடுத்து நிபுணர்களைக் கேட்க வேண்டும். கார்புரேட்டர் வேலை பார்ப்பவர் பானட்டைத் திறந்ததும், “கார்புதான் சார், சந்தேகமே இல்லை” என்பார். எலக்ட்ரீஷியன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே ஊதிவிட்டு, “டைமிங் தள்ளிப் போயிருக்கு சார்” என்பார். லேத் பட்டறைக்காரர் பானட்டைத் திறக்கவே மாட்டார். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, “போர் போயிடுச்சு சார், எஞ்சினை இறக்கிடலாம்” என்று சொல்லிவிடுவார். இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. அவரவருக்கு எந்த வேலை தெரியுமோ அந்த நோய்தான் அவரவர் கண்ணில் படும். ஆகவே எந்த முடிவு உங்களுக்குப் பிடித்திருக்கிறதோ அதற்கேற்ற நிபுணரிடம் போவதே புத்திசாலித்தனம்.

இந்த இடத்தில் கொஞ்சம் விஷயமும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் எதைக் கண்டுபிடிக்காமல் இருக்கிறோம் என்பதே தெரியாமல் போய்விடும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்த அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றும் 73 மில்லிமீட்டர் அகலம். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் ஏறக்குறைய 89 மில்லிமீட்டர். பிஸ்டன் கீழே இறங்கும்போது உள்ளே வந்த காற்றும் பெட்ரோல் ஆவியும், அது மேலே ஏறும்போது ஏழெட்டில் ஒரு பங்கு இடத்துக்குள் நசுக்கப்பட வேண்டும். இந்த நசுக்கல்தான் கம்ப்ரஷன். அப்படி நசுங்கியிருக்கும்போது பொறி விழுந்தால்தான் வெடிப்பில் வேகம் இருக்கும். நசுங்கும் நேரத்தில் காற்று தப்பித்து ஓடினால் வெடிப்பு நமுத்த பட்டாசுதான்.

தப்பித்து ஓடக் காற்றுக்கு வழிகள் அதிகம் இல்லை. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே ஆயில் சம்ப்புக்குப் போகலாம். சரியாக மூடாத வால்வு வழியாகக் கார்புரேட்டர் பக்கமோ சைலன்சர் பக்கமோ போகலாம். ஹெட் கேஸ்கட் கருகிய இடத்தின் வழியாகப் பக்கத்துச் சிலிண்டருக்கோ ரேடியேட்டர் தண்ணீருக்குள்ளோ போகலாம். ஹெட்டில் விரிசல் போன்ற அபூர்வங்களை விட்டுவிட்டால் கணக்கு இவ்வளவுதான். எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு ஒரு முற்பகல் போதும். அதனால்தான் அந்த முற்பகல் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியமாகிறது.

ஆனால் எல்லாக் குடும்பத்திலும் ஒரு சித்தப்பா இருப்பார். அந்தக் காலத்தில் கலெக்டருக்கு வண்டி ஓட்டியவர். நீங்கள் மாற்றிய சாமான்களின் பட்டியலைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஹேண்டில் போட்டுப் பார்த்தியாடா?” என்று ஒரே கேள்வி கேட்பார். இவரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஏனென்றால் பழைய அம்பாசடரோடு வந்த ஸ்டார்ட்டிங் ஹேண்டில் செல்ஃப் வேலை செய்யாத காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு மட்டும் ஆனதல்ல. சாவியை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, பம்பர் ஓட்டை வழியாக ஹேண்டிலைச் செருகி மெதுவாகச் சுற்றினால், அரைச் சுற்றுக்கு ஒரு முறை கை கனக்கும். ஒரு சிலிண்டர் காற்றை நசுக்குகிறது என்று பொருள். இரண்டு சுற்றுக்குள் நாலு கனம் வர வேண்டும். ஒவ்வொன்றும் கையை ஸ்பிரிங் மாதிரித் திருப்பித் தள்ள வேண்டும். மூன்று இடத்தில் கனத்து, நாலாவது இடத்தில் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல ஹேண்டில் வழுக்கிக்கொண்டு போனால் அந்தச் சிலிண்டருக்குள் காற்று நிற்கவில்லை. அந்த இடத்தில் நிறுத்திக் காதைக் கொடுத்தால் ‘உஸ்’ என்று அது போகிற சத்தம்கூடக் கேட்கும். சித்தப்பாவின் தலைமுறை டிரைவர்கள் இதை வைத்தே எந்த வண்டியை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள்.

இதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, கட்டை விரல். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கமாக வைக்க வேண்டும். சுற்றி வளைத்துப் பிடித்தால், எஞ்சின் திருப்பி உதைக்கும் நேரத்தில் எலும்பு உடையும். இது விளையாட்டுக்குச் சொல்வதல்ல. இரண்டாவது ஆபத்து இன்னும் பெரியது: காலணா செலவில்லாமல் உண்மை தெரிந்துவிடும். சித்தப்பா கேட்டால், “ஹேண்டில் எங்கே போச்சுன்னே தெரியலை சித்தப்பா” என்று சொல்லிவிடுங்கள். டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில்தான் இருக்கும்; அந்தப் பக்கம் போகாதீர்கள்.

புகையைப் பார்ப்பது ஓரளவு பாதுகாப்பான பொழுதுபோக்கு. ஏனென்றால் புகையைப் பற்றி யார் வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் சொல்லலாம். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். வெள்ளை விடாமல் வந்தால் தண்ணீர். நீலம் என்றால் ஆயில். டீக்கடையில் எல்லோருக்கும் இதுவரை தெரியும். நீலத்துக்குள் இருக்கும் வித்தியாசத்தை மட்டும் யாரும் கேட்பதில்லை. வால்பாறையிலிருந்து ஆழியாருக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல் இறங்கிவிட்டு, சமதளத்தில் காலை அழுத்தும்போது கண்ணாடியில் ஒரே ஒரு நீலக் குமுறல் தெரிந்து மறைந்தால், வால்வு கைடு தேய்ந்து ஆயில் இறங்குகிறது. கம்ப்ரஷனுக்கு அதனால் பெரிய குறை இல்லை. ஏற்றத்தில் மூச்சு முட்டும்போது விடாமல் நீலப் புகை வந்தால், ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கும்போது அங்கேயும் புகை குபுகுபுவென்று வந்தால், ரிங்குகள்மேல் சந்தேகப்பட நியாயம் இருக்கிறது. இரண்டையும் ‘ஆயில் அடிக்குது’ என்ற ஒரே வாக்கியத்தில் போட்டு எஞ்சினை இறக்குவது நம் மரபு. மரபை மீற வேண்டாம்.

இப்படியே பல மாதங்கள் ஓட்டலாம். ஆனாலும் ஒரு நாள் பக்கத்துத் தெருவில் யாராவது ஒரு பையன், இன்ஜினீயரிங் படித்தவன், கையில் கம்ப்ரஷன் கேஜோடு வந்து நிற்பான். “அங்கிள், பத்தே நிமிஷம்” என்பான். ஒரு டேங்க் பெட்ரோல் விலையில் பாதிகூட ஆகாத சாமான் அது. அதை வைத்துச் செய்யும் சோதனையைத் தவறியும் சரியாகச் செய்துவிடக் கூடாது என்பதால், அது எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

எஞ்சினை ஓடவிட்டு நன்றாகச் சூடாக்க வேண்டும். அணைத்துவிட்டு நாலு பிளக்குகளையும் கழற்ற வேண்டும்; ஒன்றை மட்டும் கழற்றினால் மற்ற மூன்றும் செல்ஃப் மோட்டாரை இழுத்துப் பிடிக்கும். காயிலுக்குப் போகும் வயரைப் பிடுங்கிவிட வேண்டும்; பிளக் ஓட்டைகளிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும் நேரத்தில் அந்தப் பக்கம் பொறி பறந்தால் புருவம் மிஞ்சாது. கேஜை முதல் சிலிண்டரில் திருகிவிட்டு, ஒருவர் ஆக்சிலரேட்டரை அடிவரைக்கும் மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். எஸ்.யூ. கார்புரேட்டர் என்றால் அதற்குள் இருக்கும் பிஸ்டனையும் விரலால் தூக்கிப் பிடிப்பது நல்லது. ஐந்தாறு முறை முள் துள்ளி ஏறி நிற்கும். அந்த எண்ணை எழுதிக்கொண்டு அடுத்த சிலிண்டர்.

இதைக் கெடுக்க எளிய வழிகள் நிறைய. ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் விட்டால் போதும். கார்புரேட்டர் மூடியிருக்கும், உள்ளே காற்றே போகாது, நாலு சிலிண்டரும் பரிதாபமான எண்ணைக் காட்டும். பேட்டரி தளர்ந்திருந்தாலும் அப்படியே. திருகும் கேஜுக்குப் பதிலாக ரப்பர் கூம்பு வைத்த கேஜை வாங்கி, அதை அரைமனதாக அழுத்திப் பிடித்தால் பாதிக் காற்று உங்கள் சட்டைக் கைக்குள் போகும். இன்னும் நேர்த்தியாக ஏமாற வேண்டுமானால் வண்டியை ஊட்டிக்கு ஓட்டிப்போய்ச் சோதியுங்கள். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றே லேசு. மேட்டுப்பாளையத்தில் 130 காட்டிய எஞ்சின் அங்கே கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக் காட்டும். மலையேற்றத்திலேயே எஞ்சின் போய்விட்டது என்று முடிவுகட்டி லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுவரலாம்.

முடிந்ததும் பிளக் வயர்களை நினைவிலிருந்து மாட்டுங்கள். வெடிக்கும் வரிசை 1-3-4-2 என்பதை மறந்து 1-2-3-4 என்று மாட்டினால் வண்டி இருமிக்கொண்டே கிளம்பாமல் நிற்கும். “பார்த்தியா, நல்லா இருந்த வண்டியைக் கெடுத்துட்டே” என்று பையனைத் திட்டி அனுப்பிவிடலாம்.

அவன் எழுதிவைத்த சீட்டை அதற்கு முன்பே கிழித்துவிட வேண்டும். கிழிக்காவிட்டால் படித்துவிடுவீர்கள். டயருக்குச் சொல்லும் அதே பவுண்டுக் கணக்குதான். இந்த வகை எஞ்சினுக்கு 120-ஐத் தாண்டி, நாலும் ஒன்றையொன்று ஒட்டி நின்றால் ஆரோக்கியம். எண் எவ்வளவு என்பதைவிட நாலுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் பேசும். இருப்பதிலேயே உயர்ந்த எண்ணின் முக்கால் பங்குக்குக் கீழே ஏதாவது ஒன்று இறங்கினால் அங்கே கசிவு. 130, 125, 60, 130 என்று இருந்தால் மூன்றாவது சிலிண்டரில் பெரும்பாலும் வால்வு. 125, 55, 50, 125 என்று நடுவில் இரண்டு சேர்ந்து விழுந்திருந்தால், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். இந்த எஞ்சினில் அந்த இரண்டு சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. சூடு அங்கேதான் அதிகம். நாலும் 80, 85 என்று ஒரே மாதிரி குறைந்திருந்தால், எஞ்சினைச் சந்தேகிக்கும் முன் சோதித்த விதத்தைச் சந்தேகிக்க வேண்டும். சோதனை சரி என்றால் எஞ்சின் ஒரே சீராகத் தேய்ந்திருக்கிறது. உங்கள் அப்பா ஒழுங்காக ஓட்டியிருக்கிறார் என்று பெருமைப்படலாம்.

170 வந்தால் இனிப்பு வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். பிஸ்டன் தலையிலும் ஹெட்டிலும் கரி படிந்து இடம் குறுகியிருக்கிறது. சாவியை எடுத்த பிறகும் வண்டி நாலைந்து முறை தானாக உறுமிவிட்டு அடங்குவது இந்த வகை.

பையன் விடமாட்டான். அடுத்து ஆயில் கேனை எடுப்பான். குறைவாகக் காட்டிய சிலிண்டருக்குள் பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, சில சுற்று சுற்றிவிட்டு, மறுபடி அளப்பான். பிஸ்டனைச் சுற்றி ஆயில் நின்று ரிங் இடுக்குகளைத் தற்காலிகமாக அடைக்கும். எண் சட்டென்று ஏறினால் கசிவது ரிங் பக்கம். ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கட்டோ. இந்த ஒரு டீஸ்பூன் ஆயில், எஞ்சினை முழுவதும் இறக்க வேண்டுமா, மேலே ஹெட்டை மட்டும் கழற்றினால் போதுமா என்று சொல்லிவிடுகிறது. செலவில் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று லேத் பட்டறைக்காரருக்குத் தெரியும். ஒரு டீஸ்பூனுக்குப் பதில் ஒரு டம்ளர் ஊற்றிவிட்டால் இந்தச் சோதனையைத் தடுத்துவிடலாம். ஆனால் திரவம் நசுங்காது, பிஸ்டன் ராடு வளையும். அந்த அளவுக்குப் போக வேண்டாம்.

இதற்கும் மேலே ஒரு சோதனை உண்டு. அதற்குப் பஞ்சர் கடை வேண்டும். சோதிக்க வேண்டிய சிலிண்டரின் பிஸ்டனை, இரண்டு வால்வும் மூடிய நிலையில், உச்சிக்குக் கொண்டுவந்து, டாப் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பிளக் ஓட்டையில் பொருத்திய குழாய் வழியாகக் கம்ப்ரசர் காற்றை உள்ளே விடுவது. பிறகு வண்டியைச் சுற்றி நடந்து காது கொடுத்துக் கேட்பது. கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு. சைலன்சர் முனையில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் மூடிக்குள் சீறினால் ரிங். ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி விட்டால் கேஸ்கட். இவ்வளவு வெளிப்படையாகத் தன் குறையைச் சொல்லும் இயந்திரம் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. புதிய கார்கள் இதே விஷயத்தை ஒரு மஞ்சள் விளக்கில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கின்றன.

கம்ப்ரசர் கிடைக்காதவர்கள் பழைய பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்து, வண்டி ஐடிலில் ஓடும்போது சைலன்சர் முனைக்கு அருகே பிடித்துப் பார்க்கலாம். டிக்கெட் ஒரே சீராக வெளியே தள்ளப்பட வேண்டும். நடுநடுவே குழாய்ப் பக்கம் உறிஞ்சப்பட்டால் ஒரு எக்ஸாஸ்ட் வால்வு கருகியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இவற்றுக்கெல்லாம் முன்பு செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. அதைக் கடைசிவரை மறைத்துவைப்பது எந்தப் பட்டறைக்கும் வழக்கம் என்பதால் நானும் கடைசியில் சொல்கிறேன். டேப்பெட்.

அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு டேப்பெட் சத்தம் ஆகாது. ‘டிக்டிக்’ என்று கேட்டால் மானம் போய்விடும். ஆகவே மெக்கானிக்கிடம், “அண்ணே, சத்தமே வரக் கூடாது” என்று சொல்வார்கள். அவரும் இடைவெளியை இறுக்கிக் கொடுப்பார். வண்டி தையல் மிஷினைவிட அமைதியாக வீட்டுக்கு வரும். வால்வுத் தண்டுக்கும் ராக்கருக்கும் நடுவே இந்த எஞ்சினில் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு இடைவெளி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சூடேறித் தண்டு நீளும்போது வால்வு முழுவதும் மூடாது. மூடாத இடுக்கு வழியாகக் காற்றும் போகும், எரியும் வாயுவும் போகும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை சீட்டின்மேல் உட்காரும் நேரத்தில்தான் இறக்கிவைக்கிறது. உட்கார விடாவிட்டால் விளிம்பு கருகிவிடும். ‘டிக்டிக்’ என்ற சத்தம் இருக்கும்வரை வால்வு மூடுகிறது என்று அர்த்தம். அமைதிதான் கவலைக்குரியது.

சத்தம் பிடிக்காத உரிமையாளர் இல்லாவிட்டாலும் இந்த இடைவெளி தானாகவே குறையும். அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. பழைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது மனிதர்களுக்குக் கேடு; வால்வு சீட்டுக்கு மட்டும் நல்லது, மெல்லிய படலமாகப் படிந்து இரும்பும் இரும்பும் நேராக மோதாமல் காத்தது. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றுபோனது. ஊர்க் குழந்தைகளுக்கு நல்லதுதான் நடந்தது. வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே சீட்டை வெட்டியிருந்த பழைய எஞ்சின்களுக்குத்தான் கெட்ட காலம். வால்வு கொஞ்சம் கொஞ்சமாகச் சீட்டைத் தின்று ஹெட்டுக்குள் ஏற, தண்டு ராக்கரை நெருங்கி வர, இடைவெளி மறைகிறது. ஊருக்குள் மெதுவாகப் போகும் வண்டியில் இது நிதானமாக நடக்கும். நெடுஞ்சாலையில் விரட்டினால் சீக்கிரம் நடக்கும். கேட்பவருக்கோ, “வண்டி வர வர சைலன்ட் ஆயிட்டு வருது” என்று சந்தோஷம்.

ஆகவே கேஜை எடுக்கும் முன் ஒரு ஃபீலர் கேஜை எடுத்து எட்டு வால்வையும் பார்த்துவிட வேண்டும். இதற்குப் பழைய மெக்கானிக்குகள் ஒன்பது கணக்கு வைத்திருந்தார்கள். எந்த வால்வு முழுவதும் அமுங்கித் திறந்திருக்கிறதோ, அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால் வரும் வால்வைச் சரிசெய்யலாம். ஒன்று திறந்திருந்தால் எட்டு. மூன்று திறந்திருந்தால் ஆறு. ஐந்து என்றால் நாலு. பெரும்பாலும் இரண்டு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். இடைவெளியைத் திருத்திவிட்டு மறுபடி அளந்தால் 60 காட்டிய சிலிண்டர் சில சமயம் 120-க்கு எழுந்துவிடும். வருடக்கணக்காக நின்ற வண்டி என்றால் அதுவும் ஒரு காரணம்: ரிங் காடியில் ஒட்டியிருக்கும், சீட்டில் துரு படிந்திருக்கும். பிளக் ஓட்டைகளில் மெல்லிய ஆயில் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். இப்படிப் பிழைத்துக்கொண்ட எஞ்சின்கள் ஏராளம். சிலிண்டரை வெட்டி ரீபோர் செய்துவிட்டால், அது தேவையே இருக்கவில்லை என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

உண்மையிலேயே ரிங் போயிருந்தால், சிலிண்டர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்காமல், “ரிங்கை மட்டும் மாத்திடுங்க பாய்” என்று சொல்லுங்கள். தேய்மானம் மேலே ரிங் திரும்பும் இடத்தில்தான் அதிகம். அதற்கு மேலே தேயாத ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். புது ரிங் அதில் முட்டி உடையும். அப்போது ரீபோருக்கு இரண்டாம் முறை எஞ்சினை இறக்கலாம். முறையாகச் செய்பவர்கள் மேலும் கீழும் குறுக்கும் நெடுக்குமாக அளந்து, தேய்மானத்துக்கேற்ப அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு வெட்டுவார்கள். வெட்ட இடமில்லாத பிளாக்குக்கு ஸ்லீவ் அடித்துப் பழைய அளவுக்கே கொண்டுவருவார்கள். வால்வுதான் குறை என்றால் ஹெட்டை மட்டும் கொடுத்து, கெட்டி உலோக சீட் வளையம் பதித்து, வால்வு கிரைண்டிங் செய்து வாங்குவதோடு முடிந்தது. ஈயமில்லாத பெட்ரோலுக்கும் அது தாங்கும்.

இரண்டுமே வேண்டாம் என்றால் விற்றுவிடலாம். கூழ்போன்ற ஆயிலை ஊற்றி, டேப்பெட்டை இறுக்கி, காலையிலேயே ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டு, வாங்குபவரைப் பத்து மணிக்கு வரச் சொல்ல வேண்டும். அவர் ஒரு சித்தப்பாவைக் கூட்டி வந்தால் விலையைக் குறைத்துவிடுங்கள்.

ஒருவேளை நாலு சிலிண்டரும் 125-க்கு மேலே ஒன்றாக நின்று, வண்டி அப்போதும் மேம்பாலம் ஏற மறுத்தால் கம்ப்ரஷனை விட்டுவிட வேண்டியதுதான். டாப் கியரில் மிதிக்கும்போது எஞ்சின் மட்டும் கத்தி, வண்டி வேகம் பிடிக்காவிட்டால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. அதுவும் இல்லை என்றால், பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி, சக்கரங்களின் நடுவே புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். பின்சக்கரம் இரண்டும் சுட்டால் ஹேண்ட்பிரேக் கேபிள் முழுவதும் இறங்கவில்லை. இத்தனை நாளும் பிரேக் பிடித்தபடியே ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.